ஆக்டிங் டிரைவர்

வினோதினியின் தம்பி பூபதியிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, பேச்சு லினக்ஸில் போய்த்தான் முடியும். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் சரியில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "ரசத்துல என்ன போட்டாங்கன்னு நமக்குத் தெரியணுமா இல்லையா? தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்? அதே மாதிரிதாங்க கம்ப்யூட்டரும்" என்று ஆரம்பித்துவிடுவான். பாயசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் எழுந்து கை கழுவப் போயிருப்பார். முப்பத்து நான்கு வயது, ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் தொழிற்சாலையில் நல்ல வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதில் வினோதினிக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிச்சமிருந்தது இவன் ஒருவன்தான். அவன் ஓசூரில், அவள் நாமக்கல்லில். இருவரையும் வாரம் தவறாமல் சேர்த்து உட்கார வைத்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பெயர் 'பன்னிரண்டு சக்கரம்'. ஆளுக்கொரு லாரி. லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல்லில் கிளம்பி நாக்பூர் வரைக்கும் போகலாம். வழியெல்லாம் நிஜ மனிதர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஓட்டும் ஆயிரக்கணக்கான லாரிகள். வினோதினி வாரம் முழுவதும் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்து லாரிகளை அனுப்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மேஜையில் ஸ்டீயரிங்கை மாட்டிக்கொண்டு தானே ஒரு லாரியை ஓட்டுவாள். "ஆறு நாள் லாரியத் திட்டறா, ஏழாவது நாள் அதுலயே ஏறிப் போறா" என்பது அவள் கணவன் தனசேகரின் கிண்டல்.

அக்காவுக்கும் தம்பிக்கும் அந்த ரோட்டில் சில வழக்கங்கள் இருந்தன. நிஜ லாரி கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். விளையாட்டில் எலுமிச்சம்பழத்துக்கு எங்கே போவது? அதனால் லாரியை ஓர் அடி முன்னால் விட்டு, ஓர் அடி பின்னால் எடுத்து, அதன் பிறகுதான் பயணத்தைத் தொடங்குவார்கள். ஹெட்போனில் பதில் சொல்லச் சோம்பலாக இருந்தால் ஹார்ன். இரண்டு தரம் அடித்தால் 'சரி'. நீளமாக ஒன்று அடித்தால் 'முடியாது'. பூபதி பாதி நேரம் நீள ஹார்ன்தான் அடிப்பான். பின்னால் வரும் அக்காவுக்கு வழி விட்டதாகச் சரித்திரமே இல்லை.

வினை வாட்ச்மேன் உருவத்தில் வந்தது. 2036-இல், புரோகிராமை ஓட்டவிட்டுத் தான் ஓட்டுவதாக ஏமாற்றுகிறவர்கள் பெருகிப்போனார்கள் என்று, விளையாட்டுக் கம்பெனி ஒரு காவல் புரோகிராமைக் கொண்டுவந்தது. அது கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டீயரிங்கைக் கை எப்படித் திருப்புகிறது, பிரேக்கைக் கால் எப்படி மிதிக்கிறது என்று ஒவ்வொருவர் பழக்கத்தையும் கற்று வைத்து, ஓட்டுவது அதே ஆள்தானா என்று பார்க்கும். எல்லோரும் 'சம்மதம்' என்ற பட்டனை அழுத்திவிட்டு விளையாடப் போனார்கள். லினக்ஸில் மட்டும் அடித்தளம் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் கையில் இருக்கிறது, அவர் நினைத்தால் எதையும் மாற்றுவார், அங்கே காவல் காக்க முடியாது என்று கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. பூபதி அக்காவுக்காக மட்டும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

இந்த வருடம் பொங்கலுக்கு அவன் நாமக்கல் வந்தபோது கடித்த பல் விட்டுப்போனது. மாட்டுப் பொங்கலன்று வினோதினியும் தனசேகரும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார்கள். அதற்குள் பூபதி அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு, லினக்ஸ் போட்டு, "அக்கா, உனக்குப் பொங்கல் சீர்" என்று சிரித்துக்கொண்டு நின்றான். போட்டோக்கள் பத்திரமாக இருந்தன. ஸ்டீயரிங் செத்துக் கிடந்தது. பன்னிரண்டு சக்கரம் உள்ளேயே விடவில்லை.

"யாரைக் கேட்டுடா தொட்டே?"

"அந்த வாட்ச்மேன் உன்னையே உளவு பாக்குதுக்கா. நீ எப்படி மூச்சு விடறேங்கறது வரைக்கும் எழுதி வெச்சுக்குது."

"எழுதிட்டுப் போகட்டும்! நான் என்ன கொலையா பண்றேன்? லாரி ஓட்டறேன்!"

"சரி, வாட்ச்மேன் காலடியிலயே உக்காந்து விளையாடு. நான் இனிமே அதுல ஏறமாட்டேன்."

"ஏறாதே. இந்த வீட்டுப் படியும் ஏறாதே."

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் தனசேகர் ஓர் ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் லாரியை எடுத்தபோது, பக்கத்தில் பூபதியின் நீல லாரி நின்றது. ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால். வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாள்கூடத் தாங்கவில்லை இவன் கொள்கை! ஹெட்போனில் பேசிப் பார்த்தாள், பதில் இல்லை. சரிதான், பேசுவதற்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை என்று விட்டுவிட்டாள். ஆனால் தொப்பூர் கணவாயில், பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான்.

அன்றைக்கு அவள் கண் கலங்கிப்போனது உண்மை. மன்னிப்பு கேட்க வாய் வராத பயல், வழி விட்டுக் கேட்கிறான் என்று தனசேகரிடம் சொன்னாள். அதற்குப் பிறகு வாரா வாரம் வந்தான், வாரா வாரம் வழி விட்டான். அவள் ஏதாவது எழுதி அனுப்பினால் இரண்டு ஹார்ன். இரண்டு வாரம் கழித்துக் கூரியரில் பூபதியிடமிருந்து ஒரு பென்டிரைவ் மட்டும் வந்தது. கூட ஒரு துண்டுக் காகிதம்: 'இதைப் போடு.' லினக்ஸாகத்தான் இருக்கும், இன்னும் திருந்தவில்லை என்று எரிச்சலோடு அதை மேஜை டிராயரில் வீசினாள். ஏழு மாதம் ஓடிப்போனது.

*

ஆவணியில் மகள் ஆதிரைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக முடிவாயிற்று. பத்திரிகையில் 'தாய்மாமன்: செல்வன் பூபதி' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தனசேகர் காப்பியோடு வந்து நின்றான்.

"உன் தம்பிகிட்டப் பேசுனியா?"

"கேட்டேன். ரெண்டு ஹார்ன் அடிச்சான்."

தனசேகர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "ஏம்மா, முறைப்படி தட்டு வெச்சு, வெத்தலை பாக்கோட ரெண்டு பேரும் போயில்ல தாய்மாமனைக் கூப்பிடணும்? கேம்ல எழுதிக் கேட்டேன், ஹார்ன் அடிச்சான்னு சொல்றியே. உலகத்துலயே தாய்மாமனை ஹார்ன் அடிச்சு அழைச்ச குடும்பம் நம்ம குடும்பந்தான்."

"படியேறாதேன்னு நான் சொன்னேன்தான். ஆனா முதல்ல தப்புப் பண்ணுனது யாரு? அவன் ஒரு போன் பண்ணட்டும், நான் தட்டோட ஓடறேன்."

"குரூப்புல பத்திரிகையப் போட்டோமே, பாத்திருப்பானா?"

"குரூப்பை விட்டு அவன் போய் ஒரு வருசமாச்சு. அதுவும் கொள்கையாம்."

அவள் விசைப்பலகையில் தட்டினாள்: 'புதன்கிழமை காலைல எட்டு மணிக்குக் கோயில்ல இருக்கணும். ஒழுங்கா வேட்டி கட்டிட்டு வா. அரை டவுசரோட வந்து நின்னேன்னா உன் காதையும் சேத்துக் குத்திருவேன்.' நீல லாரி இரண்டு தரம் ஹார்ன் அடித்தது. தர்மபுரி தாண்டி டீக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பியபோது மறுபடியும் ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால் ஆடியது. முன்பெல்லாம் நாமக்கல்லில் கிளம்பும்போது மட்டும்தான் இதைச் செய்வான். பக்தி முற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

*

புதன்கிழமை காலை ஒன்பதரை. மோகனூர் பக்கத்தில் குலதெய்வக் கோயில். எண்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் சாம்பார் கொதிக்கும் வாசனை. மொட்டையடிப்பவர் கத்தியைத் துடைத்துக்கொண்டும், காது குத்தும் ஆசாரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டும் காத்திருந்தார்கள். ஆதிரை பட்டுப்பாவாடையில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். மடிக்கு ஆள் இல்லை.

"நல்ல நேரம் பத்தரையோட முடியுதுங்கம்மா" என்றார் ஆசாரி மூன்றாவது தரமாக.

தனசேகரின் அத்தை ஒருத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொறந்த வீட்டுல ஆள் இல்லாட்டி என்ன பண்றது, பாவம்" என்றாள். வினோதினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரியம்மா மகன் குணசீலன் நல்ல மனிதர். தானாகவே முன்னால் வந்தார். "நானும் மாமன்முறைதானே வினோ. மடி கொடுக்கறேன். ஆக்டிங் டிரைவர் மாதிரி நெனச்சுக்கோ" என்று சிரித்தார். நாமக்கல்லில் இது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான். டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு மட்டும் வேறு ஒருவர் வந்து வண்டியை எடுப்பார். லோடு போய்ச் சேர்ந்தால் போதும்.

"கொஞ்சம் இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, ஏழு மாதத்து வீறாப்பை விழுங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் போய் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஹலோ" என்றான் பூபதி. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"எங்கடா இருக்கே?"

"வேலைல. வேற எங்க இருப்பேன்?" குரலில் ஒரு திகைப்பு. "என்னக்கா, ஏழு மாசம் கழிச்சு? யாருக்காச்சும் உடம்புக்கு முடியலையா?"

"டேய்! கோயில்ல எண்பது பேரு நிக்கறாங்க. ஆசாரி நிக்கறாரு. உன் மடிக்குத்தான் காத்திருக்கோம். வர்றேன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிருக்கியா?"

"என்ன கோயில்? எந்த ஆசாரி?"

"ஆதிரைக்குக் காது குத்துடா!"

மறுமுனையில் இரைச்சல் குறைந்தது. எங்கோ வெளியே வந்திருக்கிறான். "ஆதிரைக்குக் காது குத்தா? இன்னைக்கா?" என்றான் மெதுவாக. "எனக்கு யாரு சொன்னா?"

"நான் சொன்னேன்! ஞாயித்துக்கிழமை! வேட்டி கட்டிட்டு வான்னேன். ரெண்டு ஹார்ன் அடிச்சே!"

"அக்கா, பொங்கலோட அந்த கேமை விட்டுட்டேன். அக்கவுண்டையே மூடியாச்சு. ஏழு மாசமா நான் அதைத் தொடவே இல்ல."

வினோதினியின் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவன்தான் பேசினான், குரல் உடைந்திருந்தது. "என் மருமகளுக்குக் காது குத்து. தட்டு வெச்சு அழைக்க வேண்டாம், ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல? அந்தளவுக்கா போயிட்டேன் நானு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அவள் பந்தலுக்குத் திரும்பி வந்தாள். குணசீலன் துண்டை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எந்திரிங்கண்ணா, தப்பா நெனைக்காதீங்க" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இன்னைக்குக் காது குத்தல. தப்பு எம்மேலதான். எல்லாரும் சாப்பிட்டுப் போங்க" என்றாள். தனசேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். அத்தைக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய பேச்சு கிடைத்துவிட்டது.

*

சனிக்கிழமை மத்தியானம், நாலு மணி நேர பஸ் பயணத்துக்குப் பிறகு, அவளும் தனசேகரும் ஓசூரில் பூபதியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தனசேகர் தோளில் ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். வினோதினியின் கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், பத்திரிகை. பஸ்ஸில் பழம் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

பூபதி கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, அக்காவைப் பார்க்காமல், "உள்ள வாங்க மாமா" என்று தனசேகரிடம் சொன்னான். அவளும் வந்தாள். தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஜை முழுவதும் ஒயரும் பலகையும் திறந்து போட்ட கம்ப்யூட்டர்களும். மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீ இல்லேன்னா, அப்ப அந்த லாரிய ஓட்டறது யாருடா?"

"மூணு நாளா அதத்தான் பாத்துட்டிருக்கேன்." பூபதி கம்ப்யூட்டரில் விளையாட்டுக் கம்பெனியின் ஒப்பந்தத்தைத் திறந்து காட்டினான். முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. "இங்க, முப்பத்தொண்ணாவது பத்தி. 'தொடர்ச்சி உறுதி'யாம். ஒருத்தர் விளையாட வராமப் போனா, அவரோட ஓட்டும் பழக்கத்தை வெச்சு அவர் வண்டியக் கம்பெனியே ஓட்டிக்கலாம். பழக்கம் கம்பெனியோட சொத்து. இதுக்கு நாம சம்மதம்னு பட்டனை அழுத்தியிருக்கோம். நானுந்தான் அழுத்தியிருக்கேன், படிக்காம."

"உனக்குப் பதிலா அவங்க எதுக்கு மாப்ள வண்டி ஓட்டணும்?" என்றான் தனசேகர். "நீ போனாப் போ, ஒரு ஆள் குறையுது. அவ்வளவுதானே?"

"ஒரு ஆள் குறையாது மாமா. நான் போனா, என்னோட பேசறதுக்காக வர்ற அக்காவும் போயிடும். அக்கா போனா, அதுக்குத் தெரிஞ்ச நாலு பேரு. அதனால நான் போன இடத்துல ஒரு ஆக்டிங் டிரைவரப் போட்டுட்டாங்க. புரோகிராம் ஓட்டக் கூடாதுன்னு காவலுக்கு வந்த வாட்ச்மேன், இப்ப அதுவே வண்டியில ஏறி உக்காந்துருச்சு."

வினோதினி தட்டில் இருந்த பாக்கை நகர்த்திக்கொண்டே இருந்தாள். "ஆனா அவன் வழி விட்டான்டா."

"யாரு?"

"நீ. அவன். தொப்பூர்ல. வாரா வாரம்."

"நானு? வழியா?" பூபதி எழுந்தேவிட்டான். "ஏழு மாசமா உம்மேல கொலைவெறில இருந்தேன். நானா இருந்தா உன்னத் தொப்பூர் பள்ளத்துல தள்ளியிருப்பேன்! அது என் கையப் பாத்துக் கத்துக்கிச்சு, சரி. அக்காவுக்கு எது புடிக்கும்னும் கத்துக்கிச்சு. நீள ஹார்ன் ஒரு தடவையாச்சும் அடிச்சுதா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை.

"எடுத்துட்டாங்கக்கா. முடியாதுன்னு சொல்ற ஆளோட எத்தனை நாள் விளையாடுவே?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் வந்ததா, இவன் மேல் இருந்த ஆத்திரத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "நீ திருந்திட்டேன்னு நெனச்சேன்டா. என் தம்பி எனக்கு விட்டுக் குடுக்கறான்னு ஊரெல்லாம் சொன்னேன். அவன் எவ்வளவு நல்லவனா இருந்தான் தெரியுமா?"

"அப்ப அவன் மடியிலயே வெச்சுக் குத்திக்கோ."

"வாய மூடுடா! உன்னக் கூப்பிட வந்தவ மடியில தட்டு இருக்கு, கண்ணு தெரியல?"

ஆதிரை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தனசேகர் அவளை வாசல் பக்கம் தூக்கிக்கொண்டு போனான். உள்ளே இரண்டு பேரும் எதிரெதிரே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் வினோதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "விளையாட்டுக்குப் போயி இந்த லினக்ஸைக் கட்டிட்டு எதுக்குடா அழறே? அதுல விளையாடத்தான் முடியுதா? உண்மையச் சொல்லு."

பூபதி வழக்கம்போல் பாயவில்லை. "நூறு கேம்ல தொண்ணூறு நல்லாவே ஓடுதுக்கா. சிலது விண்டோஸைவிட வேகமாக்கூட ஓடும். ஓடாத அந்தப் பத்துலதான் ஊர் சனம் பூரா இருக்கு. அதுதான் கஷ்டம். ஸ்டீயரிங் ஒண்ணு வாங்குனா அதைச் செட் பண்ணவே ரெண்டு நாள் போயிடும். சத்தம் திடீர்னு வராது. விளையாடத்தான் வேணும், வேற எதுவும் வேண்டாம்னு ஒருத்தர் கேட்டா, இது உங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

இதை அவன் வாயால் கேட்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. "அப்புறம்?"

"ஆனா அதுல ஓட்டறது நான்தான்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். நான் எந்திரிச்சுப் போனா என் வண்டி நிக்கும். அவ்வளவுதான்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பழைய பன்னிரண்டு சக்கரம், வாட்ச்மேன் வர்றதுக்கு முன்னாடி இருந்தது, அது லினக்ஸ்ல ஓடும். அதுக்குன்னு நாங்க கொஞ்சம் பேரு சேந்து ஒரு ரோடு போட்டிருக்கோம். மொத்தமே நாப்பது பேரு. பொங்கலுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பத்து மணிக்கு நாமக்கல்ல வண்டியப் போட்டுட்டு நிப்பேன். பதினொண்ணு வரைக்கும் பாத்துட்டு எடுத்துட்டுப் போயிடுவேன்."

"எதுக்கு நின்னே?"

"உன்னக் கூப்பிட்டிருந்தேனே. பென்டிரைவ் அனுப்புனேன்ல? அதைப் போட்டா நேரா அங்கதான் வந்து நிக்கும்."

"'இதைப் போடு'ன்னு ரெண்டு வார்த்தை எழுதினா அதுக்குப் பேரு அழைப்பாடா? அக்கா, வான்னு எழுதக் கை வரலியா?"

"உனக்கு மட்டும் போன் பண்ண வந்துச்சா?"

பூபதி எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். நசுங்கிய பழத்தைப் பார்த்து முகம் சுளித்தான். "நல்ல பழமாப் பாத்து வாங்கக் கூடாதா?" என்றான்.

"அதுதான் உனக்கு."

"பென்டிரைவ் எங்க?"

"டிராயர்லதான் கிடக்கு. தூக்கிப் போடல."

*

அடுத்த புதன்கிழமை, முப்பது பேரோடு அதே கோயிலில் காது குத்து நடந்தது. பூபதி வேட்டி கட்டி வந்திருந்தான். ஊசி போனபோது ஆதிரை அலறினாள், அவன் அவளைவிட அதிகமாக அழுதான். அழுது முடித்ததும் ஆசாரியிடம், ஊசியை யார் யாருக்கெல்லாம் குத்தினார், எப்படிச் சுத்தம் செய்தார் என்று விசாரிக்க ஆரம்பித்தான். ஆசாரி பெட்டியை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கே வினோதினி பென்டிரைவைச் செருகினாள். பத்து மணிக்கு ஓட்ட வேண்டும் என்றால் அவ்வளவு முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. திரை தலைகீழாக வந்தது. அதைச் சரி செய்தால் சத்தம் போனது. சத்தம் வந்தபோது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் லாரி வலப்பக்கம் போனது. ஓசூரிலிருந்து போனில் பூபதி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"நடுவுல இடம் விடணும்க்கா!"

"விடணும்னு சொன்னியா நீ?"

"அதெல்லாம் சொல்லணுமா?"

"இதுக்குத்தான் உனக்குப் பொண்ணு அமையல!"

பத்தேகாலுக்கு லாரி நகர்ந்தது. பழைய விளையாட்டு. மரங்கள் அட்டையில் வெட்டியது போல நின்றன. ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. நாமக்கல்லில் நீல லாரி காத்திருந்தது. இருவரும் ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால் எடுத்துக் கிளம்பினார்கள். கிளம்பிய மூன்றாவது நிமிடம் பூபதி குறுக்கே புகுந்து முன்னால் போனான். அவள் கத்தினாள். அவன் ஹெட்போனில் சிரித்தான். ராசிபுரம் தாண்டி டீக்கு நிறுத்திக் கிளம்பியபோது எலுமிச்சம்பழ ஆட்டம் எதுவும் ஆடாமல் அவன் பாட்டுக்குப் போனான்.

சேலம் நெருங்கும்போது தனசேகர் போனைக் கையில் பிடித்தபடி வந்தான். பன்னிரண்டு சக்கரத்தின் புது ரோட்டை யார் வேண்டுமானாலும் போனில் வேடிக்கை பார்க்கலாம்.

"ஏம்மா, நீ இங்கதானே இருக்கே?"

"பாத்தாத் தெரியல?"

"அங்கயும் ஓட்டிட்டிருக்கியே."

அவள் எட்டிப் பார்த்தாள். தொப்பூர் கணவாய். மின்னுகிற மழைச் சாலையில் அவளுடைய சிவப்பு லாரி போய்க்கொண்டிருந்தது, அவள் திருப்புகிற மாதிரியே வளைவில் கொஞ்சம் அகலமாகத் திரும்பிக்கொண்டு. அதற்கு முன்னால் நீல லாரி. அது ஓரமாக ஒதுங்கி வழி விட்டது. சிவப்பு லாரி தாண்டிப் போய், இரண்டு தரம் ஹார்ன் அடித்தது. நீல லாரியும் இரண்டு தரம் அடித்தது.

"நீயும் வரல, உன் தம்பியும் வரல" என்றான் தனசேகர். "அப்புறம் யாருக்காக யாரு ஓட்டறாங்க?" திரையின் மூலையில் இருந்த எண்ணைப் படித்தான். "இப்ப ரோட்டுல இருபத்திரண்டாயிரம் வண்டியாம். இதுல எத்தனை பேரு அவங்கவங்க வீட்ல உக்காந்திருக்காங்களோ."

வினோதினி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இரண்டு லாரிகளும் அத்தனை ஒற்றுமையாகப் போயின. நல்ல அக்கா, நல்ல தம்பி. இனி அவர்கள் எந்தக் காலத்திலும் சண்டை போட மாட்டார்கள்.

"அக்கா! எங்க பாத்து ஓட்டறே? பிரேக்கு! பிரேக்கு!" என்று ஹெட்போனில் பூபதி அலறினான். அவள் லாரி அவன் லாரியின் பின்னால் போய் மோதி நின்றது. "கண்ணு தெரியுதா இல்லையா? லோடு பூரா போச்சு! பின்னால எடு. கொஞ்சம் வழி விடு, நான் முன்னால போறேன்."

அவள் தனசேகரின் போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, நீளமாக ஒரு ஹார்ன் அடித்தாள்.